வேலை போனால் வாரம் எவ்வளவு? அமெரிக்க மாநிலங்கள் தரும் உதவித்தொகையும் அது மாறும் விதமும்

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகனோ போனில் "வேலை போய்விட்டது" என்று சொன்னால், ஊரில் இருக்கும் வாப்பாவும் உம்மாவும் கொஞ்ச நேரம் பேச்சற்று நின்றுவிட்டு, "அங்கே அரசாங்கம் வாரா வாரம் பணம் தருமாமே, அது உனக்குக் கிடைக்காதா?" என்று கேட்பார்கள். அவருக்கும் சரியான பதில் தெரிந்திருக்காது. எவ்வளவு கிடைக்கும், எத்தனை வாரம் கிடைக்கும் என்பது ஒரு கவலை. அதை வாங்குவது ஹலாலா, கையேந்துவது ஆகாதா என்பது இன்னொரு கவலை. இந்தத் தயக்கத்திலேயே சில வாரங்களை இழந்துவிடுகிறவர்களும் உண்டு.

இந்தத் தொகை எப்படி முடிவாகிறது, மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு வேறுபாடு, அதை மாற்றியவர்கள் எப்படி மாற்றினார்கள், ஒரு முஸ்லிம் குடும்பம் இதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரே சம்பளம், நான்கு தொகை

ஒருவர் வாரம் 1,000 டாலர் சம்பளத்தில் ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தவறு எதுவுமில்லாமல், ஆள்குறைப்பில் வேலை போகிறது.

நம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் நியூஜெர்சியில் அவர் இருந்தால், சம்பளத்தில் 60 சதவீதம் என்ற கணக்குப்படி வாரம் 600 டாலர் வரும். அதிகபட்சம் 26 வாரம் வரை வாங்கலாம். மொத்தம் 15,600 டாலர்.

அவரே கலிபோர்னியாவில் இருந்தால் சம்பளத்தில் பாதியான 500 டாலர் வர வேண்டும். ஆனால் அங்கு உச்சவரம்பு 450 டாலர். 2005ஆம் ஆண்டிலிருந்து அது அப்படியே நிற்கிறது.

மிசிசிப்பியில் இருந்தால் பாதிச் சம்பளம் என்ற கணக்கு இருந்தும் கையில் வருவது 235 டாலர்தான். அதற்கு மேல் யாருக்கும் கிடையாது.

புளோரிடாவில் இருந்தால் 275 டாலர். வேலையின்மை குறைவாக இருக்கும் காலத்தில் அங்கு 12 வாரம் மட்டுமே தருவார்கள். ஆக மொத்தம் 3,300 டாலர். நியூஜெர்சியில் கிடைப்பதில் கால்வாசிகூட இல்லை.

மனிதர் ஒருவரே, உழைப்பும் சம்பளமும் ஒன்றே. வீட்டு வாடகையும் குழந்தைகளின் பசியும் மாநில எல்லையைப் பார்த்துக் குறைவதில்லை. பிறகு தொகை மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? அதற்கு இத்திட்டம் பிறந்த விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

திட்டம் எப்படிப் பிறந்தது?

1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையிழந்து நின்ற காலம் அது. 1932இல் விஸ்கான்சின் மாநிலம் முதன்முதலாக வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1935 ஆகஸ்ட் 14 அன்று ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. முதல் காசோலை 1936 ஆகஸ்டில் விஸ்கான்சினில் வழங்கப்பட்டது. தொகை 15 டாலர்.

இத்திட்டத்தை மத்திய அரசு தனியாக நடத்தவில்லை. மாநிலங்கள் தங்கள் சட்டத்தின்படி நடத்தும், மத்திய அரசு மேற்பார்வை பார்க்கும், நிர்வாகச் செலவுக்குப் பணம் தரும் என்று ஏற்பாடு செய்தார்கள். யாருக்கு, எவ்வளவு, எத்தனை வாரம் என்ற மூன்றையும் தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றங்களின் கையில் போனது. இவ்வளவாவது கொடுத்தாக வேண்டும் என்று மத்தியச் சட்டம் எந்தக் குறைந்தபட்சத் தொகையையும் விதிக்கவில்லை. இன்றைய வேறுபாடுகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

தொகையைக் கணக்கிடும் முறை

ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிச் சூத்திரம் வைத்திருந்தாலும் பொதுவான அமைப்பு ஒன்றுதான். கடைசியாக முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வருடத்தில் எவ்வளவு சம்பாதித்தார் என்று பார்ப்பார்கள். பல மாநிலங்களில், அதிகம் சம்பாதித்த காலாண்டின் மொத்தத்தை 26ஆல் வகுப்பார்கள். ஒரு காலாண்டில் 13 வாரம் என்பதால், 26ஆல் வகுத்தால் வாரச் சம்பளத்தில் பாதி வரும்.

ஆக, "பாதிச் சம்பளம்" என்பதுதான் தொடக்கத்திலிருந்தே இருந்துவரும் எண்ணம். அதைப் பெரும்பாலானோருக்குக் கிடைக்காமல் செய்வது உச்சவரம்புதான். 2024இல் வாஷிங்டன் மாநிலத்தின் உச்சவரம்பு 1,079 டாலர். மாசசூசெட்ஸில் 1,033. நியூஜெர்சியில் 854. இன்னொரு பக்கம் டென்னசி 325, அரிசோனா 320, அலபாமா 275, மிசிசிப்பி 235.

மேலே உள்ள மூன்று மாநிலங்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அங்கு உச்சவரம்பை மாநிலத்தின் சராசரிச் சம்பளத்தோடு சட்டத்திலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். சம்பளம் உயர உயர வரம்பும் தானாக உயரும். கீழே உள்ள மாநிலங்களில் அது ஒரு நிலையான எண். சட்டமன்றம் கூடி மாற்றினால்தான் மாறும். புளோரிடாவின் 275 டாலர் 1998இல் வைத்தது. கால் நூற்றாண்டில் அரிசி, வாடகை, பெட்ரோல் எல்லாம் ஏறிவிட்டன. அந்த எண் மட்டும் ஏறவில்லை.

யாரும் வெட்டிக் குறைக்கத் தேவையில்லை. சும்மா விட்டாலே போதும், விலைவாசி அதைத் தின்றுவிடும். 1950களிலேயே ஜனாதிபதி ஐசனோவர், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் பாதிச் சம்பளமாவது கிடைக்கும்படி வரம்பை உயர்த்துங்கள் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். பல மாநிலங்களில் அந்தக் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

தொகையை உயர்த்த வேண்டும் என்று சொல்வது எளிது. யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் சிக்கல் வருகிறது.

இந்த நிதிக்குப் பணம் கட்டுவது முதலாளிகள். அலாஸ்கா, நியூஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் தொழிலாளர் சம்பளத்திலிருந்தும் சிறு தொகை பிடிக்கப்படும். ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலும் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டுமே வரி. மத்திய வரியில் அந்தப் பகுதி வருடத்துக்கு முதல் 7,000 டாலர். 1983 முதல் அது மாறவில்லை. மாநிலத்தின் திட்டம் ஒழுங்காக இருந்தால், ஒரு தொழிலாளிக்கு முதலாளி கட்டும் மத்திய வரி வருடத்துக்கு 42 டாலர்தான்.

மாநில வரியைப் பொறுத்தவரை, இந்த அடிப்படைச் சம்பளத்தைக் கலிபோர்னியா 7,000 டாலரிலேயே வைத்திருக்கிறது. மத்தியச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு அது. வாஷிங்டனில் அது 2024இல் 68,500 டாலர். வாஷிங்டனால் வாரம் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க முடிவதற்கும், கலிபோர்னியாவின் நிதி காலியாகி மத்திய அரசிடம் ஏறத்தாழ 20 பில்லியன் டாலர் கடனில் நிற்பதற்கும் இது முக்கியமான காரணம். கடன் அடையாத மாநிலத்தில் முதலாளிகளின் மத்திய வரி ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இன்று வரியைக் குறைத்து வைத்தால் பின்னொரு நாள் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அடிக்கடி ஆட்களை நீக்கும் நிறுவனத்துக்கு வரி விகிதம் கூடும். காரணமின்றி ஆட்களை வெளியே அனுப்பாமல் இருக்க இது ஒரு கடிவாளம். ஆனால் இதனாலேயே சில முதலாளிகள், "அவர் தானாக விலகினார்", "ஒழுங்கீனத்துக்காக நீக்கினோம்" என்று எழுதிக்கொடுத்து விண்ணப்பத்தை எதிர்ப்பதும் நடக்கிறது.

மாற்றிய மாநிலங்கள்

கடந்த சில ஆண்டுகளில் நடந்த மூன்று மாற்றங்களைப் பார்த்தால் விஷயம் நன்றாகப் புரியும்.

முதலாவது வட கரோலினா. 2008 வீழ்ச்சியில் அம்மாநிலம் மத்திய அரசிடம் பெருங்கடன் வாங்கியது. அதை விரைவாக அடைக்க, 2013 ஜூலையில் உச்சவரம்பை 535 டாலரிலிருந்து 350 ஆகக் குறைத்தார்கள். 26 வாரம் என்பதையும் 20க்கு மேல் போகாதபடி செய்தார்கள். வாரத் தொகையைக் குறைக்கும் மாநிலத்துக்கு அப்போதிருந்த மத்திய அரசின் கூடுதல் உதவி கிடையாது என்பது விதி. எனவே நீண்டகாலம் வேலையில்லாமல் இருந்த பல்லாயிரம் பேருக்கு அந்தக் கூடுதல் உதவியும் ஒரே நாளில் நின்றுபோனது. 2015இல் கடன் அடைந்தது. ஆனால் 350 டாலர் அப்படியே இருந்தது. 2025இல்தான் அதை 450 ஆக உயர்த்தினார்கள். பன்னிரண்டு வருடம் கழித்தும் பழைய 535ஐ எட்டவில்லை.

இரண்டாவது மிச்சிகன். டியர்பார்ன், ஹாம்டிராமிக் போன்ற முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் ஊர்கள் உள்ள மாநிலம். கார்த் தொழிற்சாலைகளில் ஆள்குறைப்பு வந்தால் அது மஸ்ஜித் சஃப்புகளிலேயே தெரியும் ஊர்கள் அவை. அங்கு 2002 முதல் உச்சவரம்பு 362 டாலராகவே நின்றது. 2024 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் அதை 2025இல் 446, 2026இல் 530, 2027இல் 614 என்று படிப்படியாக உயர்த்துகிறது. முன்பு 20 ஆகக் குறைக்கப்பட்ட வாரங்களையும் மீண்டும் 26 ஆக்கியது.

மூன்றாவது நியூயார்க். வேலையிழந்தவர் வாரம் 504 டாலருக்கு மேல் பெற முடியாத நிலை 2019 முதல் இருந்தது. கொரோனாவில் வாங்கிய மத்தியக் கடன் அடையாததால் தொகையை உயர்த்த வழியில்லாமல் இருந்தது. 2025இல் மாநில பட்ஜெட்டிலிருந்து அந்தக் கடனை அடைத்தார்கள். அக்டோபரிலிருந்து உச்சவரம்பு 869 டாலராக உயர்ந்தது. ஒரே தாவலில் 365 டாலர்.

இந்த மூன்றிலும் தொழிலாளியின் தேவை மாறவில்லை. நிதியம் கடனில் இருந்தபோது தொகை குறைந்தது அல்லது நின்றது. கடன் தீர்ந்தபோது, அதுவும் சட்டமன்றம் மனம் வைத்தபோது, உயர்ந்தது.

2020இல் நடந்த பெரும் சோதனை

கொரோனா காலத்தில், 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, மாநிலம் கொடுப்பதற்கு மேல் வாரம் 600 டாலரை மத்திய அரசு சேர்த்துக் கொடுத்தது. அது ஜூலை இறுதி வரை நீடித்தது. ஊபர் ஓட்டுநர்கள், சொந்தமாகச் சிறுதொழில் செய்பவர்கள் என்று வழக்கமாக இத்திட்டத்துக்குள் வராதவர்களுக்கும் தனித் திட்டம் வந்தது.

அந்த 600 எப்படி வந்தது? ஒவ்வொருவருக்கும் அவரவர் முழுச் சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தார்கள். மாநில அலுவலகங்களின் பழைய கணினிகளால் அது முடியாது என்று தெரிந்தது. நியூஜெர்சி ஆளுநர், கோபோல் என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பொதுவில் அழைப்பு விடுத்தது அந்த நாட்களில்தான். அதனால் நாட்டின் சராசரிச் சம்பளத்துக்கும் சராசரி உதவித்தொகைக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்து, அனைவருக்கும் ஒரே தொகை என்று வைத்துவிட்டார்கள்.

விளைவு, குறைந்த சம்பளக்காரர்களில் பலருக்கு வேலையில் இருந்தபோது கிடைத்ததைவிட அதிகம் கிடைத்தது. "இனி யார் வேலைக்கு வருவார்கள்?" என்ற குரல் எழுந்தது. பிறகு வந்த 300 டாலர் கூடுதல் தொகையை, 2021 செப்டம்பரில் முடியும் முன்பே, அக்கோடையில் ஏறத்தாழ பாதி மாநிலங்கள் நிறுத்திவிட்டன. பின்னர் வந்த பல ஆய்வுகளின்படி, கூடுதல் தொகையால் வேலைக்குத் திரும்புவது ஓரளவு தாமதமானது உண்மை. ஆனால் பயந்த அளவுக்கு அது இல்லை. அதேசமயம், அந்தப் பணம் இல்லாதிருந்தால் வாடகையும் உணவும் தடைப்பட்டிருக்கக்கூடிய குடும்பங்கள் ஏராளம்.

கொடுத்தால் சோம்பேறி ஆவார்களா?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. நம் வரலாற்றில் இதற்கு இரண்டு நல்ல பாடங்கள் உண்டு.

ஒன்று, அபூதாவூத், இப்னு மாஜா போன்ற நூல்களில் இடம்பெறும் செய்தி. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும் நம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டதுதான். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். ஒரு துணியும் ஒரு பாத்திரமும்தான் இருந்தன. அவற்றை ஏலம்விட்டு இரண்டு திர்ஹம் பெற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கி வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள். மற்றொன்றுக்குக் கோடரி வாங்கி வரச் சொல்லி, தம் கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்க அனுப்பினார்கள். பதினைந்து நாள் அவகாசமும் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியை உழைப்பின் சிறப்புக்காக மட்டும் சொல்வது நம் வழக்கம். உழைத்து விறகு சுமப்பது பிறரிடம் கேட்பதைவிட மேல் என்பது புகாரியில் பதிவான ஸஹீஹான ஹதீஸிலும் வருகிறது. ஆனால் இங்கே வரிசையையும் கவனிக்க வேண்டும். முதல் திர்ஹம் குடும்பத்தின் உணவுக்குப் போனது. அதன் பிறகுதான் கோடரி. வீட்டில் அடுப்பு எரியாத நிலையில் ஒருவரை வேலை தேடப் போ என்று விரட்டவில்லை. உணவைக் கொடுத்துவிட்டு உட்கார் என்றும் சொல்லவில்லை. வேலையின்மை உதவித்தொகையும் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டியதுதான். வாரம் 235 டாலரில் ஒரு குடும்பத்தின் அந்த முதல் திர்ஹமே நிறைவேறாது.

இரண்டாவது, உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் நடந்தது. பால்குடி மறந்த குழந்தைகளுக்குத்தான் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்று விதி இருந்தது. ஓர் இரவில் குழந்தை ஒன்று விடாமல் அழுவதைக் கேட்டு அவர்கள் விசாரித்தார்கள். தொகை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே தாய் சீக்கிரம் பால்குடியை நிறுத்த முயன்றது தெரியவந்தது. உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாயைக் குறைசொல்லவில்லை. தம் விதியின் விளைவை எண்ணி அழுதார்கள். பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என்று விதியை மாற்றினார்கள்.

உதவித்தொகை விதிகள் மனிதர்களின் நடத்தையை மாற்றும் என்பது உண்மை. அதை உமர் (ரலி) அவர்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். அப்படி நடக்கும்போது தொகையை நிறுத்துவது ஒன்றே வழி அல்ல, விதியைச் சரிசெய்வதும் ஒரு வழி என்பதுதான் அவர்கள் காட்டிய பாதை.

நல்ல காலத்தில் சேர்ப்பது

தொகையை உயர்த்த விரும்பும் மாநிலம் என்ன செய்ய வேண்டும்? இதுவரை பார்த்ததிலிருந்து இரண்டு தெளிவாகத் தெரிகின்றன. உச்சவரம்பைச் சராசரிச் சம்பளத்தோடு இணைத்துவிட வேண்டும். வரி விதிக்கும் அடிப்படைச் சம்பளத்தையும் அதேபோல் உயர்த்தி, வேலை நிறைந்த காலத்தில் நிதியத்தை நிரப்ப வேண்டும். முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை விட்டால், அடுத்த வீழ்ச்சியில் நிதி காலியாகும். கடன் வாங்க நேரும். வட கரோலினாவில் நடந்தது போல, அதிகம் தேவைப்படும் நேரத்திலேயே தொகையை வெட்டச் சொல்லும் குரல்கள் எழும்.

குர்ஆனில் 12ஆவது அத்தியாயத்தில் யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரின் கனவுக்குச் சொன்ன விளக்கத்தை நாம் குழந்தைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைந்ததைக் கதிரோடு சேமித்து, பின்வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடக்க அவர்கள் வழி சொன்னார்கள். நல்ல காலத்திலேயே கெட்ட காலத்துக்கான களஞ்சியத்தை நிரப்பிவைக்கும் பொறுப்பு ஆட்சியாளர்களுடையது என்பது அதில் இருக்கிறது. செழிப்பான ஆண்டில் வரியைக் குறைத்துவிட்டுப் பஞ்ச ஆண்டில் பசித்தவரின் பங்கைக் குறைப்பது அதற்கு நேர் எதிரானது.

இதை வாங்கலாமா?

"காப்பீடு" என்ற பெயரே நம் சகோதரர்கள் சிலரைத் தயங்க வைக்கிறது. வணிகக் காப்பீடு கூடாது, பரஸ்பர ஒத்துழைப்பு அடிப்படையிலான காப்பீடு அதற்கு மாற்று என்று 1985இல் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு சொன்னது. லாபம் தேடும் நிறுவனம், நிலையற்ற ஒப்பந்தம், சூதாட்டத் தன்மை ஆகியவையே தடைக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

மாநிலங்களின் வேலையின்மைத் திட்டத்தை அதிலிருந்து வேறுபடுத்தியே அறிஞர்கள் பலர் பார்க்கிறார்கள். இங்கு பாலிசி விற்கும் கம்பெனி இல்லை. லாபமும் இல்லை. சட்டப்படி முதலாளியிடம் வசூலித்த வரியிலிருந்து, வேலையிழந்த குடிமக்களுக்கும் குடியிருப்போருக்கும் அரசு செய்யும் கடமை இது. நிதியத்தின் பணம் மத்தியக் கருவூலத்தில் வட்டி ஈட்டுகிறதே என்று சிலர் கேட்பது நியாயமான கேள்விதான். பெறுபவர் அந்த ஏற்பாட்டில் பங்காளி அல்லர் என்பது அனுமதிப்பவர்கள் தரும் விளக்கம். மனம் தெளியாதவர்கள் தம் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இது யாசகமும் அல்ல. வேலை பார்த்த காலத்தில் அவருடைய உழைப்பின் பேரில்தான் அந்த வரி கட்டப்பட்டது. வேலை பார்த்திருந்தால் மட்டுமே கிடைக்கும் உரிமை அது. அமானத்தைத் திரும்பப் பெறுபவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் பொய் மட்டும் கூடவே கூடாது. ஒவ்வொரு வாரமும், வேலை செய்தீர்களா, சம்பாதித்தீர்களா, வேலை தேடினீர்களா என்று கேட்பார்கள். உறவினர் கடையில் ரொக்கமாக வாங்கிய கூலியை மறைத்து "இல்லை" என்று அழுத்துவது சட்டப்படி மோசடி, மார்க்கப்படி ஹராம். பகுதிநேர வேலையைச் சொன்னால் பல மாநிலங்களில் தொகை முழுவதும் நின்றுவிடாது, குறைத்துத் தருவார்கள்.

வேலை போனவர் செய்ய வேண்டியவை

வேலை போன வாரத்திலேயே வேலை பார்த்த மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் கணக்குத் தொடங்கும். பல மாநிலங்களில் முதல் வாரம் காத்திருப்பு வாரம், அதற்குப் பணம் வராது. அதனால் வெட்கத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் குடும்பத்தின் வாடகையிலிருந்து போகிறது.

பணிநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், முதலாளியின் முகவரி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலை தேடிய விவரங்களைத் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்கான கெடு குறுகியது, கடிதத்தில் போட்டிருக்கும். இந்தத் தொகைக்கு மத்திய வருமான வரி உண்டு என்பதால், 10 சதவீதத்தை முன்பே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் வருட இறுதியில் சுமை இராது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் செல்லுபடியாகும் பொதுவான பணி அனுமதி உள்ளவர்களும் தகுதி பெறலாம். எச்-1பி விசாவில் இருப்பவர்களின் நிலை கடினமானது. விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனபின் நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள் அவகாசம். உடனே எந்த வேலைக்கும் போகத் தயார் என்ற நிபந்தனையை அவர்களால் பெரும்பாலும் நிறைவேற்ற முடிவதில்லை. எனவே அவர்கள் இத்தொகையை நம்பிக் கணக்குப் போடாமல், கைவசம் சில மாதச் செலவுக்கான சேமிப்பை வைத்திருப்பதே பாதுகாப்பு. ஊரில் உள்ள பெற்றோரும் இதைப் புரிந்துகொண்டு, "அரசாங்கம் தருமே" என்று அவர்களை மேலும் நெருக்காமல் இருக்க வேண்டும்.

வளைகுடாவிலும் நம் ஊரிலும்

நம் குடும்பங்களில் அமெரிக்காவைவிட வளைகுடாவில் இருப்போர்தான் அதிகம். அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் இதே போன்ற கட்டாயத் திட்டம் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர்கள் மாதம் 5 திர்ஹம் கட்ட வேண்டும். தொடர்ந்து 12 மாதம் கட்டியவருக்கு, ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்தால் வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. மொத்தச் சம்பளம் அல்ல, அடிப்படைச் சம்பளமே கணக்கு என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்களுக்கு 2018 ஜூலையில் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் தொடங்கியது. முதலில் சராசரி ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்த உதவி, 2020இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 90 நாள் வரை, வாழ்நாளில் ஒருமுறை. தோல் தொழிற்சாலைகளிலும் பின்னலாடை ஆலைகளிலும் வேலை பார்க்கும் நம் சகோதர சகோதரிகளில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஜமாஅத் நிர்வாகிகள் ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் இதை எடுத்துச் சொன்னாலே பெரிய உதவி.

வாரத் தொகை எவ்வளவு என்பது கடைசியில் மனிதர்கள் எழுதும் ஒரு விதி. அதை எழுதியவர்கள் மாற்றவும் முடியும். மிச்சிகனும் நியூயார்க்கும் அதைக் காட்டின. அங்கு வாக்குரிமை உள்ள நம் மக்கள் தம் மாநிலத்தின் உச்சவரம்பு எவ்வளவு, எந்த வருடம் வைத்தது என்று தெரிந்துகொண்டு தம் பிரதிநிதியிடம் கேட்கட்டும். சட்டம் மாறும்வரை, வேலையிழந்தவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அக்கம்பக்கத்தாரான நமக்கும் இருக்கிறது. ஜகாத்தும் ஸதகாவும் அதற்குத்தான்.

வேலையிழந்து தவிக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஹலாலான ரிஸ்கை விரைவில் திறந்துகொடுக்கவும், உரிமையை உண்மையோடு கேட்டுப் பெறும் துணிவைத் தரவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.